இடது முன்னங்காலில் மூன்று விரல்

மூணுதான். எத்தனை தடவை எண்ணினாலும் மூணுதான். இடது முன்னங்கால்ல நாலு விரல் இருக்க வேண்டிய இடத்துல மூணு, நாலாவது இருந்த இடம் ரோமம் இல்லாம வழுவழுன்னு இருக்கு. காலையில ஆறு மணிக்கு இந்த நாயைத் தூக்கி வண்டிக் கூண்டுக்குள்ள வைக்கும்போது என் கை அந்த இடத்துல பட்டுச்சு, சூடு பட்ட மாதிரி வெடுக்குன்னு எடுத்துக்கிட்டேன். எடுத்து என்னத்தக் கிழிச்சேன், வாயைத் திறக்கலையே. வண்டி கிளம்பிடுச்சு. சோணை அண்ணன் ஓட்டுறாரு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், பின்னாடி தகரக் கூண்டுக்குள்ள நாலு நாய், என் மடியில நோட்டு. நோட்டுல என் கையெழுத்து, நல்லா முத்து முத்தா, பத்தாவதுல பரிசு வாங்கின கையெழுத்து: டோக்கன் 31, பொட்டை, செவலை, ஆசிரியர் காலனி, பிள்ளையார் கோயில் எதிரே. இந்த நாய் கழுத்துல தொங்குறதும் 31தான். எல்லாம் சரியா இருக்கு, இந்தக் காலைத் தவிர. ஏன்னா விரல் இல்லாத செவலை வந்தது மீன் மார்க்கெட்டுலருந்து. போன திங்கக்கிழமை வலையிலருந்து இறக்கும்போது சோணை அண்ணனே சொன்னாரு, "மீன் வெட்டுற அருவாமனை பட்டிருக்கும் பாப்பா, பழைய காயம்"னு. நான் அதோட வால்ல ஒட்டியிருந்த மீன் செதிளை ஒவ்வொண்ணாப் பிச்சு எடுத்தேன். அதுக்கு நான் கட்டின டோக்கன் 34. அந்த 34ஐ நேத்தே கொண்டு போய் மீன் மார்க்கெட்டுல இறக்கி விட்டாச்சு, நோட்டுல டிக் போட்டிருக்கு. மீன் மார்க்கெட் நாய் இந்தா என் முதுகுக்குப் பின்னால உக்காந்திருக்குன்னா, நேத்து அங்க இறக்கி விட்டது எது? இது தெரிய எஞ்சினியரிங் படிக்கணுமா? அதுவும் நான் படிக்கல.

எங்க வேலையில விதின்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான், பிடிச்ச தெருவுலயே விடணும். கருத்தடை ஆபரேஷன் பண்ணி, காது நுனியில அடையாளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அஞ்சு நாள் வச்சிருந்து, எங்க வலை போட்டோமோ அதே தெருவுல, முடிஞ்சா அதே லைட்டுக் கம்பத்துக்குக் கீழ. ஒரு தெரு தள்ளி விட்டாலும் முடிஞ்சுது கதை. நாய்க்கு ஊரு, நாடெல்லாம் கிடையாது, தெருதான். புதுசா ஒண்ணு வந்து நின்னா அந்தத் தெரு நாய் அத்தனையும் ஒண்ணு சேர்ந்துடும், இதுக்கு வயித்துல தையல் வேற. மீன் மார்க்கெட் கடுவன் நாய்களை நான் பார்த்திருக்கேன், குடலும் தலையுமாத் தின்னு கன்னுக்குட்டி கணக்கா நிக்கும். அதுங்க நடுவுல டீச்சர் வீட்டுப் பால்சோறு தின்னு பழகின ஒரு பொட்டை, நேத்து காலையிலருந்து. இந்நேரம் அது இருக்கோ இல்லையோ. வினோலியா, உனக்கு வெக்கமா இல்ல? இல்ல. எரிச்சலா இருக்கு. எல்லார் மேலயும் எரிச்சலா இருக்கு. முதல்ல மாதா கோயில் சிஸ்டர் மேல. "மிருகங்களோட பழகினா மனசு ஆறும்மா, அதுங்க உன்னைக் குணப்படுத்தும்"னு அம்மாகிட்ட அவங்கதான் ஓதினாங்க, அம்மா அடுத்த நாளே என்னை ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்து இந்த நாய் ஆஸ்பத்திரியில விட்டாங்க. குணப்படுத்துமாம்ல. நாயைக் கேட்டீங்களா சிஸ்டர்? அதோட கர்ப்பப்பையை எடுத்து, காதை வெட்டி, கூண்டுல போட்டு வச்சிருக்கோம், எழுந்திரிச்சா வலிக்குது, படுத்தா வலிக்குது. அது என்னைக் குணப்படுத்தணுமா? அதுக்கு வேற பொழப்பில்ல? மாசத்துக்கு ஒருக்கா பேனரோட ஒரு கூட்டம் வரும், குட்டியைத் தூக்கிப் போட்டோ எடுக்கும், கையைக் கழுவிட்டுக் கிளம்பும். போகும்போது என்கிட்ட, "உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு"ம்பாங்க. என் மனசு எவ்ளோண்டு இருக்குன்னு இந்தா இப்ப வந்து பாருங்கடா.

புதன்கிழமைதான் அது நடந்தது, வேற எப்பவும் இருக்க முடியாது. கூண்டு கழுவும்போது ரெண்டு செவலைக்கும் கழுத்துப் பட்டை நனைஞ்சு ஊறிப் போச்சு. ஈரப் பட்டை கழுத்தை அறுத்துடும், கழட்டிக் காய வைக்கணும். ஒண்ணைக் கழட்டினா அதைத் திரும்பக் கட்டிட்டுத்தான் அடுத்ததைத் தொடணும், இது நான் வந்த முதல் நாளே டாக்டர் சொன்னது. நான் ரெண்டையும் கழட்டி ஒரே ஆணியில மாட்டினேன். ரெண்டுந்தான் எனக்குத் தெரியுமேன்னு ஒரு திமிரு. அந்நேரம் பார்த்து அம்மா போன். "ஞாயித்துக்கிழமை மீன் வாங்கிக்கிட்டு எல்லாரும் பெரியப்பா வீட்டுக்குப் போறோமாம். நீ வரவேண்டாமாம், வீட்டுலயே இருந்துக்குவியாம். அப்பா சொல்லச் சொன்னாரு." சொல்லச் சொன்னாரு! பின்னாடி டிவியில செய்தி ஓடுற சத்தம் கேக்குது, அப்பா இருமுற சத்தம் கேக்குது. ரெண்டடி தூரத்துல உக்காந்துக்கிட்டுச் சொல்லச் சொல்றாரு. வீட்டுல நான் எதிர்ல உக்காந்து சாப்பிட்டாலும் அப்படித்தான். "குழம்பு ஆறுதுன்னு அவகிட்டச் சொல்லு." "லைட்டை அமத்தச் சொல்லு அவளை." ஆறு மாசமா அந்த மனுஷன் என் பேரைச் சொல்லல, மூஞ்சியைப் பார்க்கல. என்னமோ நான் செத்துப் போயி, என் ஆவிகிட்ட அம்மா மட்டும் பேசிக்கிட்டு இருக்குற மாதிரி. போனைக் கட் பண்ணிட்டு ஆணியிலருந்து ரெண்டு பட்டையையும் உருவி இதுக்கொண்ணு அதுக்கொண்ணுன்னு கட்டினேன், எது எதுக்குன்னு யாரு பார்த்தா. அப்பா மேல இருந்த ஆத்திரத்தை நாய் கழுத்துல கட்டியிருக்கேன்.

வண்டி நிக்குது. முதல் இடம், ரயில்வே கேட்டுகிட்ட ஒரு டீக்கடை. இங்க ரெண்டு கருப்புப் பயக, ஒரே ஈத்துக்குப் பிறந்ததுங்க. சோணை அண்ணன் பட்டையை அவுத்துக் கூண்டுக் கதவைத் தூக்கி, "எறங்குங்கய்யா, ஊரு வந்துருச்சு"ங்குறாரு, பஸ் கண்டக்டர் மாதிரி. ரெண்டும் குதிச்சு, ஒரு சுத்து சுத்தி மோந்து பார்த்துட்டு, நேரா டீக்கடை பெஞ்சுக்கு அடியில போய் நீட்டிப் படுத்துடுச்சு, நேத்து ராத்திரியும் அங்கதான் படுத்திருந்த மாதிரி. டீக்காரர் சிரிக்கிறாரு. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு, அதுக்கும் எரிச்சலா வருது. சோணை அண்ணன் டீயை நீட்டுறாரு. "என்ன பாப்பா, மூஞ்சி ஒரு தினுசா இருக்கு?" "ஒண்ணுமில்லண்ணே." ஒண்ணுமில்ல. இந்த ஒரு வார்த்தையை வச்சு ஏழு மாசம் ஓட்டினவ நான். காலேஜ் எப்படிப் போகுது, ஒண்ணுமில்லம்மா நல்லாத்தான் போகுது. பதினோரு அரியர். ரெண்டாவது வருஷம் கிளாசுக்குள்ள நுழைஞ்சா மூச்சு முட்டும், பலகையில இருக்குறது ஒண்ணும் ஏறாது, பக்கத்துல எல்லாரும் எழுதிக்கிட்டு இருக்குற சத்தம் மட்டும் கேக்கும். ஒருநாள் காலேஜ் ஸ்டாப்புல இறங்காம அப்படியே மாட்டுத்தாவணி வரைக்கும் போனேன். அப்புறம் தினமும் அங்கதான். ஏழரை மணிக்கு டிபன் பாக்ஸோட கிளம்பி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து, பன்னெண்டரைக்குச் சாப்பிட்டு, நாலரைக்கு வீடு. அம்மாகிட்ட தினம் ஒரு கதை. தர்ஷினின்னு ஒரு பிரெண்டை நானே உண்டாக்கினேன். தர்ஷினிக்குக் காய்ச்சல், தர்ஷினி அண்ணனுக்குக் கல்யாணம். அவ பொறந்த நாளுக்கு அம்மா ஒரு டப்பா நிறைய முறுக்கு சுத்திக் குடுத்து விட்டாங்க. அதைத் திங்க முடியாம, தூக்கிப் போடவும் முடியாம, பஸ் ஸ்டாண்டுல ஒரு நொண்டி நாய்க்கு ஒவ்வொண்ணா உடைச்சுப் போட்டேன். அது மொத்த டப்பாவையும் காலி பண்ணிட்டு என் செருப்பு மேல தலையை வச்சுப் படுத்துச்சு. தர்ஷினி. சனியன், இதையெல்லாம் இப்ப எதுக்கு நெனைக்கிறேன்.

சொல்லிடு. இப்பவே சொல்லு, டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு, சிரிச்ச மூஞ்சியா இருக்காரு. "அண்ணே, ஒரு சின்னத் தப்பு"ன்னு ஆரம்பி. சின்னத் தப்பா? சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா. வண்டியைத் திருப்பணும், நேரா மீன் மார்க்கெட்டு. இன்னைக்கு என்ன கிழமை? ஞாயிறு. ஞாயித்துக்கிழமை முதல் பூசை முடிச்சு, பூசைக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டையோட, ஒயர் கூடையைத் தூக்கிக்கிட்டு எங்கப்பா எங்க நிப்பாரு? மின்வாரியத்துல ஃபோர்மேன் ஞானதுரையை அந்த மார்க்கெட்டுல தெரியாத ஆள் இல்ல, அவரு கையைத் தூக்கினா விளமீனை எடுத்துத் தட்டுல வைப்பாங்க. அவரு மட்டுமா, கோயில் சனம் பாதி அங்கதான் இருக்கும். எங்க பெரியப்பா மகன் கல்யாணத்துல உக்காந்து தின்ன அதே சனம். அந்தப் பந்தியிலதான் எல்லாம் வெட்ட வெளிச்சமாச்சு. அப்பாவுக்குப் பக்கத்து இலையில எங்க டிபார்ட்மெண்ட் சார், பொண்ணு வீட்டுச் சொந்தமாம். "உங்க பொண்ணுக்கு மஞ்சக்காமாலை இப்பத் தேவலையா சார்? ஏழு மாசமாச்சே"ன்னு, காலேஜுக்கு நான் எழுதிக் குடுத்த பொய்யை நம்பி ரொம்பப் பிரியமாக் கேட்டிருக்காரு. சுத்தி இருக்குறவங்க எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்காங்க. அப்பா இலையில இருந்த பிரியாணி முழுசையும் ஒரு பருக்கை விடாமத் தின்னுட்டு, இலையை மடிச்சுட்டு எந்திரிச்சாராம். அன்னைக்கு அவரு என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம். அறையலாமே, யாரு வேண்டாம்னா? அந்த இலையை அப்படி மடிச்ச மாதிரி என்னையும் மடிச்சு வச்சிட்டாரு.

அதனாலதான் நேத்து வண்டியில ஏறல. நேத்து சனிக்கிழமை, மீன் மார்க்கெட்டுக்கு ஒரு நாய் இருக்குன்னு நோட்டுல பார்த்ததும் வயித்து வலின்னு சொல்லிட்டேன். அப்பா சனிக்கிழமை வரமாட்டாருதான். ஆனா மீன்காரங்களுக்கு என்னைத் தெரியும், "ஃபோர்மேன் மக நாய் வண்டியில வருதே"ன்னு மறுநாள் கேப்பாங்க, அப்பா மீன் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கிட்டே பேசாம நிப்பாரு. சோணை அண்ணன் தனியாப் போனாரு. வாரத்துக்கு நாப்பது நாய் பிடிக்கிற மனுஷன் எல்லாக் காலையும் எண்ணிக்கிட்டா இருப்பாரு, டோக்கனைப் பார்த்தாரு, இறக்கினாரு. நான் போயிருந்தா இறக்கும்போதே தெரிஞ்சிருக்கும். ஒளிஞ்சதுனாலதான் அது அங்க போயி மாட்டிக்கிட்டு நிக்குது. நான் எங்க போய் ஒளிஞ்சாலும் அந்த விலையை வேற எதுவோ குடுக்குது. சரி, சொல்லலைன்னா? சொல்லலைன்னா ஒண்ணும் ஆகாது, அதான் கொடுமை. இந்த மூணு விரலை ஆசிரியர் காலனியில இறக்கிட்டு நோட்டுல டிக் போட்டா கணக்கு முடிஞ்சுது. டீச்சரம்மா யாராவது நாலு நாள் கழிச்சு, "எங்க நாயை எங்க விட்டீங்க"ன்னு கத்தினா, திட்டு சோணை அண்ணனுக்குத்தான் விழும். எட்டு வருஷமா இதே வேலை பார்க்குற ஆளு, அவரும் ஏதோ தப்பா விட்டுட்டோம் போலன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வாங்கிக்குவாரு. என் பேரு எங்கயும் வராது. ஏழு மாசம் எங்கம்மாவையே ஏமாத்தினவளுக்கு இது ஒரு விஷயமா?

ரெண்டாவது இடம், ஒரு பழைய சினிமாக் கொட்டகை சந்து. புள்ளி போட்ட நாய் ஒண்ணு. இறங்க மாட்டேன்னு கூண்டு மூலையில ஒட்டிக்கிச்சு, நான்தான் உள்ள கையை விட்டேன். முன்னயெல்லாம் எனக்கு நாய்னா உதறும். வந்த ரெண்டாவது வாரம் ஒண்ணு என் கட்டைவிரல்ல பல்லைப் போட்டுச்சு, அழுதுகிட்டு நின்னேன். டாக்டர் வாசுகி சோப்புத் தண்ணியில என் கையைக் கால் மணி நேரம் கழுவி ஊசியைப் போட்டுட்டு, "பயந்தா அது கடிக்கும்னு யாரோ சொல்லியிருப்பாங்க, நம்பாத. நீ பின்பக்கமா வந்து தொட்ட, அதான் கடிச்சுது"ன்னாங்க. அவ்ளோதான். பரிதாபமும் படல, திட்டவும் இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் இதே நோட்டுல சிவப்பு மையில எழுதியிருந்தாங்க: "டோக்கன் 12 வினோலியாவைக் கடித்தது. கூண்டில் கை விடும் முறை சொல்லித்தரப்படவில்லை. தவறு என்னுடையது. வாசுகி." எனக்கு அதைப் படிச்சதும் கோபம்தான் வந்துச்சு. இது என்ன நடிப்பு, தப்பைப் போய் யாராவது எழுதி வைப்பாங்களா? பின்பக்கம் புரட்டினா நோட்டு முழுக்க சிவப்பு மை. "தையல் பிரிந்தது, முடிச்சு சரியில்லை. வாசுகி." "வலை கிழிந்திருந்ததைப் பார்க்கவில்லை, நாய்க்குக் காலில் காயம். சோணைமுத்து." எட்டு வருஷத் தப்பு அத்தனையும் பேரோட, தேதியோட. அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி எங்கப்பா சாப்பிடுற தட்டுல வைக்கணும் போல இருந்துச்சு. சந்துக்குள்ள அந்தப் புள்ளி நாய் மோந்துக்கிட்டே போகுது. சோணை அண்ணன் வண்டியை எடுத்துட்டாரு. அடுத்தது ஆசிரியர் காலனி.

காலனிக்குள்ள திரும்பிட்டோம். வேப்பமரம், கோலம், பால் பாக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு டீச்சரம்மா, பிள்ளையார் கோயில். வண்டி நின்ன உடனே எங்கிருந்தோ நாலு நாய். முதல்ல வாலை ஆட்டிக்கிட்டுத்தான் வந்துச்சுங்க, தங்களோட கூட்டாளின்னு நெனைச்சு. கூண்டுக்கிட்ட வந்து மோந்து பார்த்துச்சுங்க. பார்த்ததும் நாலோட முதுகு ரோமமும் சிலுத்துக்கிச்சு. இது வேற. அதுங்களுக்கு நோட்டு தேவையில்ல, டோக்கன் தேவையில்ல. கூண்டுக்குள்ள மூணு விரல் வாலை வயித்துக்குள்ள செருகிக்கிட்டு, கம்பியோட ஒட்டி, நின்ன இடத்துலயே மூத்திரம் போயிடுச்சு. சத்தமே இல்ல. எனக்கு அந்தச் சத்தமில்லாம இருக்குறது தெரியும். கிளாசுல நான் அப்படித்தான் இருந்தேன், ஒருத்தருக்கும் தெரியல, எல்லாரும் எழுதிக்கிட்டு இருந்தாங்க. சோணை அண்ணன், "என்னடி ராசாத்தி, சொந்த ஊருக்கு வந்ததுக்கு அழுகுற"ன்னு கேட்டுக்கிட்டே கொக்கியில கையை வச்சாரு. நான் எப்ப இறங்கினேன், எப்ப ஓடினேன்னு தெரியல. அவரு கை மேல என் கை இருக்கு, அழுத்திப் பிடிச்சிருக்கேன். "திறக்காதீங்கண்ணே." "என்ன பாப்பா?" "இது 31 இல்ல. இது மீன் மார்க்கெட் நாய். பட்டையை நான்தான் மாத்திக் கட்டிட்டேன், புதன்கிழமை. நேத்து நீங்க கொண்டு போய் விட்டது இந்தக் காலனி நாய்." கத்தித்தான் சொல்லியிருக்கேன் போல, டீச்சரம்மா திரும்பிப் பார்க்குறாங்க. சோணை அண்ணன் குனிஞ்சு அந்தக் காலைப் பார்த்தாரு. எண்ணினாரு. அவரு மூஞ்சியில இருந்த சிரிப்பு அப்படியே வத்திப் போச்சு. "நேத்து நீ வந்திருந்தீன்னா..."ன்னு ஆரம்பிச்சாரு, முடிக்கல. "ஏறு"ன்னாரு. "டாக்டருக்கு நீயே போன் போடு. நான் போடமாட்டேன்."

போட்டேன். டாக்டர் குறுக்க ஒரு வார்த்தை பேசாம முழுசாக் கேட்டாங்க. "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" பொய் நாக்கு நுனியில ரெடியா இருக்கு, இப்பத்தான் மேடம், காலனிக்கு வந்தப்பத்தான். என் நாக்கு அதுக்கு அவ்ளோ பழகியிருக்கு. "ஆறு மணிக்கு மேடம்." "இப்ப மணி என்ன?" "ஏழே முக்கால்." பின்னாடி ஏதோ குட்டி கத்துற சத்தம் வருது. "அந்த ஒண்ணே முக்கால் மணி நேரத்தையும் சேர்த்து எழுது. முதல்ல அதைத் தேடு, திட்டுறதை நேர்ல வச்சுக்கிறேன்." வச்சுட்டாங்க. எனக்கு டாக்டர் மேலயும் கோபம் வந்துச்சு. பரவாயில்ல வினோலியா, சொன்னியே அதுவே பெருசுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்? சொல்லியிருந்தா அதுக்கும் கோபம் வந்திருக்கும். பாலத்து மேல வண்டி பறக்குது, கீழ வைகை மணலும் நாணலுமாக் கிடக்கு. சோணை அண்ணன் ஹாரனை விடாம அடிக்கிறாரு. இருக்கணும், அது இருக்கணும், எங்கயாவது பதுங்கியாவது இருக்கணும். ஏழு மாசம் நானே பஸ் ஸ்டாண்டுல பதுங்கி இருந்தேன்ல, அதுக்கு ஒருநாள் முடியாதா?

மார்க்கெட்டுல ஞாயித்துக்கிழமைக் கூட்டம், கால் வைக்க இடமில்ல. முதல்ல மூணு விரலை இறக்கினோம். நான் பட்டையை அவுத்தேன், அது ஒரு நொடி நிக்கல, ஜனங்க கால் இடுக்குல புகுந்து நேரா ஒரு அக்கா கடைக்கு ஓடுச்சு. "அடி சிறுக்கி, எங்கடி போயிருந்த"ன்னு அந்தக்கா ஒரு மீன் தலையைத் தூக்கிப் போட்டாங்க. நான் அவங்ககிட்ட மூச்சிரைக்க, "அக்கா, நேத்து இதே மாதிரி இன்னொரு செவலையை இங்க விட்டாங்க, பார்த்தீங்களா?" "பார்க்காம என்ன, நம்ம கடுவனுக விடுமா? கொதறிப்பிடுச்சுக. நான்தான் தண்ணியை அடிச்சு வெரட்டுனேன். அந்தா, ஐஸ் பெட்டிக்கெல்லாம் பின்னாடி திண்டுக்கு அடியில பூந்துச்சு. ராத்திரி பூரா அங்கதான் கெடக்கு. உசுரு இருக்கா என்னன்னு தெரியல." சோணை அண்ணன் வலையோட குனிஞ்சாரு, உள்ளருந்து ஒரு உறுமல். உசுரு இருக்கு. ஆனா வலையைப் பார்த்துட்டு இன்னும் உள்ள போகுது, அவரு தோளும் அந்தச் சந்துல நுழையல. நான் படுத்துட்டேன். மீன் தண்ணி, ரத்தம், செதிள், ஐஸ் உருகி ஓடுற அழுக்கு, அதுல குப்புறப் படுத்து முழங்கையை ஊனி உள்ள போனேன். பின்னாடி ஜனம் கூடுது, யாரோ, "இது நம்ம ஃபோர்மேன் மகல்ல"ங்குறாங்க. ஆமா, அவரு மகதான். வந்து பாருங்க. இருட்டுக்குள்ள ரெண்டு கண்ணு. வெட்டின காதுக்குப் பக்கத்துல புதுசா ஒரு கிழிசல், பின் தொடையில தோலு தொங்குது. வயித்துத் தையல் மட்டும் பிரியல. முன்பக்கமா, கீழருந்து, கையைத் திறந்து நீட்டினேன். "வா. வந்து தொலை. உன்னை இங்க அனுப்பினது நான்தான், கடிக்கணும்னா கடி." உறுமிக்கிட்டே இருந்துச்சு. நான் கையை எடுக்கல. எவ்ளோ நேரம்னு தெரியல, முழங்கை தகரத்துல கிழிஞ்சது கூட அப்பத் தெரியல. அப்புறம் அதோட மூக்கு என் விரல்ல பட்டுச்சு, அஞ்சு நாள் அதுக்குச் சோறு வச்ச கை. உறுமல் நின்னு போயி ஒரு கேவல் வந்துச்சு பாருங்க, அதைக் கேட்டதும் நானும் வெடிச்சு அழுதுட்டேன், திண்டுக்கு அடியில, ஒருத்தரும் பார்க்காத இடத்துல, ஆறு மாசத்து அழுகையை.

அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் பின்பக்கமா நகர்ந்து வெளிய வந்தா, முதல்ல தெரிஞ்சது செருப்பு. பூசைக்குப் போடுற பழுப்புத் தோல் செருப்பு. அதுக்கு மேல வெள்ளை வேட்டி, ஒயர் கூடை, கூடைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற விளமீன் வாலு. எந்திரிச்சு நின்னேன். தலையில செதிள், சட்டை பூரா மீன் ரத்தம், கையில ஒரு செத்துப் பிழைச்ச நாய். அப்பா என்னைப் பார்க்கல. சோணை அண்ணனைப் பார்த்து, "அந்தப் புள்ளைக்கு முழங்கையில ரத்தம் வருதுன்னு சொல்லுங்க"ன்னாரு. சோணை அண்ணன் அவரைப் பார்க்குறாரு, என்னைப் பார்க்குறாரு, எங்களுக்கு நடுவுல ஒரு முழம்தான் இருக்கு. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ. "எங்கிட்டயே சொல்லுங்கப்பா." மீன் வெட்டுற சத்தம் சுத்தி நாலு கடையில நின்னு போச்சு. "காலேஜ் போகல, பொய் சொன்னேன், மஞ்சக்காமாலை பொய், தர்ஷினின்னு ஒருத்தியே கிடையாது, அம்மா சுட்ட முறுக்கை நாய்க்குப் போட்டேன். இந்த நாய் இப்படிக் கிடக்குறதும் என்னாலதான். எல்லாத்தையும் நான்தான் பண்ணினேன். திட்டுங்க, அடிங்க, ஆனா எங்கிட்டப் பேசுங்க. நான் இங்கதான நிக்கிறேன்?" அப்பா கூடையை இந்தக் கையிலருந்து அந்தக் கைக்கு மாத்தினாரு. நாயைப் பார்த்தாரு, தொங்குற தோலைப் பார்த்தாரு. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு என் மூஞ்சியைப் பார்த்தாரு, எதையோ கண்டுபிடிக்கத் தேடுற மாதிரி. "ஊசி போட்டுக்க வினோ"ன்னாரு. அவ்ளோதான். திரும்பிக் கூட்டத்துக்குள்ள நடந்து போயிட்டாரு.

ஆறு மாசம் கழிச்சு மூணு வார்த்தை. இதுக்கு நான் சந்தோஷப்படணுமா? படமாட்டேன். எனக்கு ஆத்திரம் தீரல, வீட்டுக்குப் போயி இன்னும் கேக்க நிறைய இருக்கு, அவரும் கேப்பாரு, கேக்கட்டும். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும், நாய்க்குத் தொடையில தையல் போடணும். அதோட தலை என் மடியில கனமா இருக்கு, மூச்சு சீராத்தான் வருது. சோணை அண்ணன் கண்ணாடிக்குக் கீழ செருகியிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினாரு. நோட்டை அதோட முதுகு மேல லேசா வச்சு எழுதினேன். "டோக்கன் 31, 34. பட்டையை மாற்றிக் கட்டியது வினோலியா. தெரிந்தது காலை 6.00. சொன்னது 7.45." வண்டி குலுங்கினதுல கையெழுத்து கோணல்மாணலா விழுந்துடுச்சு, மீன் தண்ணி பட்டு மை கொஞ்சம் பரவியும் போச்சு. ஆனா பேரு நல்லா வாசிக்கிற மாதிரி இருக்கு.